ஐபி வரிசை தெரியும், சப்நெட் மாஸ்க் தெரியாது! என்ன செய்வது?

கம்ப்யூட்டரில் ஐபி முகவரியை நாமே டைப் செய்து அமைக்கும்போது அதற்குக் கீழே சப்நெட் மாஸ்க் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் கிளிக் செய்தவுடன் 255.255.255.0 என்று தானாகவே வந்து உட்கார்ந்து கொள்ளும். நாமும் அதைத் தொடாமல் ஓகே கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். பத்து வருடங்களுக்கு மேலாக நானும் அப்படித்தான் செய்து வந்தேன். ஒருநாள் இரவு அந்தப் பழக்கம் என்னை ஒரு குடும்பத்தின் முன்னால் தலைகுனிய வைத்தது. அந்தக் கதையோடு, ஐபி எண்களின் வரிசை மட்டும் கையில் இருந்தால் சப்நெட் மாஸ்க்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம். கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

என் அத்தான் டிடிபி சென்டர் வைத்திருக்கிறார். 2022 நவம்பரில் கடையை ஒரு புதிய வணிக வளாகத்துக்கு மாற்றினார். வளாகத்தில் எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக ஒரே இன்டர்நெட் இணைப்பு. அடுத்த பிளாக்கில் பெரிய டிஜிட்டல் கலர் மெஷின் ஒன்று உண்டு. எந்தக் கடையிலிருந்தும் நெட்வொர்க் வழியாக அதற்குப் பிரின்ட் அனுப்பலாம். வளாகத்தின் நெட்வொர்க்கைக் கவனித்துக் கொள்பவர் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரிகள் எழுதிக் கொடுத்திருந்தார்.

உங்களுக்கு: 192.168.10.64 முதல் 192.168.10.95 வரை
கேட்வே: 192.168.10.65
கலர் மெஷின்: 192.168.10.130

மாஸ்க் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழு கம்ப்யூட்டர்களில் ஆறுக்கு 66 முதல் 71 வரை எண் கொடுத்தேன். பில் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும், நினைவில் நிற்கட்டும் என்று கடைசி எண்ணான 95ஐக் கொடுத்தேன். மாஸ்க் கட்டத்தில் வழக்கம்போல 255.255.255.0.

ஆறு கம்ப்யூட்டர்களில் இன்டர்நெட் வந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் போனது. பில் கம்ப்யூட்டரில் மட்டும் இன்டர்நெட் வரவில்லை. கேபிள் சரியில்லை போலிருக்கிறது, நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இரவு எட்டு மணிக்கு ஒருவர் வந்தார். அவருடைய அப்பா அன்று மதியம் காலமாகிவிட்டார். காலை பத்து மணிக்கு எடுக்கிறார்கள். விடிவதற்குள் ஊரில் ஒட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர் 60 வேண்டும். கையில் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அத்தான் அரை மணி நேரத்தில் டிசைன் முடித்தார். பிரின்ட் கொடுத்தால் போகவில்லை.

கலர் மெஷின் ஆபரேட்டருக்குப் போன் செய்தோம். “மெஷின் நல்லாத்தான் ஓடுது. மத்த கடை வேலை எல்லாம் வந்துக்கிட்டுதான் இருக்கு. பத்து மணிக்கு நான் கிளம்பிடுவேன்” என்றார். பென் டிரைவில் கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். “வேண்டாங்க. போன வாரம்தான் ஒரு பென் டிரைவில் வைரஸ் வந்து ஒரு நாள் வேலை போச்சு. ஓனர் வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்.” நெட்வொர்க்காரரின் செல்போன் சுவிட்ச் ஆஃப்.

“ஏன் மாப்ளே, எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னியே?” என்றார் அத்தான். வந்தவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிங் காட்டிய துப்பு

கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 192.168.10.70 எண் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து 192.168.10.130க்கு பிங் கொடுத்தேன். “டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்” என்று பதில் வந்தது. இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்றும் அதே வரியில் இருக்கும். என் திரையில் இருந்த முகவரி 192.168.10.70. அதாவது நான் உட்கார்ந்திருந்த அதே கம்ப்யூட்டர்!

கேட்வேயைத் தாண்டிப் போய் அங்கே பதில் இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் “ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்” என்று வரும். நம் கம்ப்யூட்டரே “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று சொன்னால், தகவல் வாசலைக் கூடத் தாண்டவில்லை என்று பொருள். மெஷின் மேல் குற்றமில்லை. குற்றம் என் பக்கம்தான்.

மாஸ்க் செய்யும் வேலை என்ன?

ஒரு தகவலை அனுப்பும் முன் நம் கம்ப்யூட்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: போக வேண்டிய முகவரி என் தெருவில் இருக்கிறதா, வெளியூரில் இருக்கிறதா? அதே தெரு என்றால் “இந்த முகவரி யாருடையது?” என்று தெருவுக்குள் கூவி விசாரித்து நேராகக் கொடுத்துவிடும். வெளியூர் என்றால் கேட்வேயிடம் ஒப்படைத்துவிடும். எது தெரு, எது வெளியூர் என்று பிரித்துச் சொல்வதுதான் சப்நெட் மாஸ்க்.

இதைப் புரிந்து கொள்ள நம் ஊர் பின்கோடு நல்ல உதாரணம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஆறு இலக்க எண்ணில், முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய பகுதி. மதுரை நகரம் 625 என்று தொடங்கும். கோட்டயம் 686 என்று தொடங்கும். மதுரை தபால்காரர் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்தால் கோட்டயத்துக் கடிதத்தைச் சரியாக வெளியூர்ப் பையில் போடுவார். முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தால்? “6தானே, நம் ஊர்தான்” என்று மதுரைத் தெருக்களில் கோட்டயத்துக்காரரைத் தேடிக் கொண்டிருப்பார்!

என் கம்ப்யூட்டர் செய்ததும் அதுதான். 255.255.255.0 என்ற மாஸ்க், 192.168.10 என்று தொடங்கும் 256 முகவரிகளும் உன் தெருதான் என்று அதற்குச் சொல்லிவிட்டது. அது 130ஐ நம் கடைக்குள்ளேயே தேடியது. மெஷினோ கேட்வேக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்டர்நெட் முகவரிகள் எப்படியும் 192.168.10 என்று தொடங்காது. அதனால் அவை மட்டும் ஒழுங்காகக் கேட்வேக்குப் போயின. எல்லாம் வேலை செய்து ஒன்று மட்டும் செய்யாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒன்று குறைந்தால் கணக்கே தப்பு

சரியான மாஸ்க் என்ன? கையில் இருப்பது 64 முதல் 95 வரை என்ற வரிசை மட்டும். எத்தனை முகவரிகள் என்று கண்டுபிடித்து 256லிருந்து கழிக்க வேண்டும் என்று எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. துண்டுச் சீட்டின் பின்னால் 95 - 64 = 31 என்று எழுதினேன். 256 - 31 = 225. மாஸ்க் கட்டத்தில் 255.255.255.225 என்று கொடுத்தேன். விண்டோஸ் ஏற்கவில்லை. மாஸ்க்கில் உள்ள பிட்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று ஒரு பிழைச் செய்தி வந்தது.

மணி ஒன்பதே கால். ஸ்டூலில் இருந்தவர் எழுந்து வந்து சீட்டைப் பார்த்தார். “64லிருந்து 95 வரைக்குமா சார்? ரெண்டு முனையும் சேர்த்தா 32 வரும். அப்பா கணக்கு வாத்தியார். ‘வேலிக்கம்பத்தை எண்ணும்போது முதல் கம்பத்தை விட்டுடாதே’ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தார்” என்றார்.

256 - 32 = 224. மாஸ்க் 255.255.255.224 என்று மாற்றினேன். பிங் கொடுத்தேன். 130லிருந்து பதில் வந்தது. ஒன்பதரைக்கு முதல் போஸ்டர் மெஷினிலிருந்து வெளியே வந்துவிட்டது.

மறுநாள் மற்றக் கம்ப்யூட்டர்களிலும் மாஸ்க்கை மாற்றினேன். பில் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மறுபடி அடம் பிடித்தது: இந்த ஐபியும் இந்த மாஸ்க்கும் சேராது என்றது. அதன் எண் 95 அல்லவா? ஒரு வரிசையின் முதல் எண் அந்த நெட்வொர்க்கின் பெயர். கடைசி எண் பிராட்காஸ்ட், அதாவது எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைப்பதற்கானது. இரண்டையும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் கொடுக்கக் கூடாது. கேபிள் மேல் நான் போட்ட பழி வீண். எண்ணை 72 என்று மாற்றியதும் இன்டர்நெட் வந்தது.

நீங்களே கணக்கிட நான்கு படிகள்

1. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து 1 கூட்டுங்கள். 95 - 64 + 1 = 32.

2. விடை 4, 8, 16, 32, 64, 128, 256 என்ற எண்களில் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

3. முதல் எண்ணை அந்த விடையால் வகுத்தால் மீதி இல்லாமல் போகிறதா என்று பாருங்கள். 64ஐ 32ஆல் வகுத்தால் 2, மீதி இல்லை.

4. மூன்றும் சரி என்றால் 256லிருந்து விடையைக் கழியுங்கள். 256 - 32 = 224. மாஸ்க் 255.255.255.224.

அடிக்கடி வரும் கணக்குகளை ஒரு பட்டியலாகத் தருகிறேன். கத்தரித்து மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வைத்துக் கொள்ளலாம்.

4 முகவரிகள் - 255.255.255.252 - /30
8 முகவரிகள் - 255.255.255.248 - /29
16 முகவரிகள் - 255.255.255.240 - /28
32 முகவரிகள் - 255.255.255.224 - /27
64 முகவரிகள் - 255.255.255.192 - /26
128 முகவரிகள் - 255.255.255.128 - /25
256 முகவரிகள் - 255.255.255.0 - /24

எல்லாவற்றிலும் முதல் எண்ணும் கடைசி எண்ணும் கழிந்து போகும். 32 முகவரிகள் என்றால் பயன்படுத்தக் கூடியவை 30. அதில் கேட்வேக்கு ஒன்று போக மீதி 29.

சாய்கோட்டுக்குப் பின்னால் வருவது என்ன என்று கேட்கிறீர்களா? ஐபி முகவரி என்பது 32 பிட்கள் கொண்டது. அவற்றில் இடமிருந்து எத்தனை பிட்கள் தெருவைக் குறிக்கின்றன என்பதே அந்த எண். விண்டோஸ் 10இன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஐபியை மாற்றப் போனால் மாஸ்க்குக்குப் பதிலாக இந்த எண்ணைத்தான் கேட்கும். அங்கே 255.255.255.224 என்று டைப் செய்தால் ஏற்காது. 27 என்று மட்டும் கொடுக்க வேண்டும்.

ஏன் 256லிருந்து கழிக்கிறோம்?

காரணம் தெரிந்தால் கணக்கு மறக்காது. விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து புரோகிராமர் முறைக்கு மாற்றிக் கொள்ளுங்கள். 64, 95 இரண்டையும் பைனரியில் பாருங்கள்.

64 = 01000000
95 = 01011111

இடமிருந்து முதல் மூன்று பிட்கள் இரண்டிலும் 010. இந்த வரிசையில் உள்ள எல்லா எண்களுக்கும் அந்த மூன்று பிட்கள் பொதுவானவை. மீதி ஐந்து பிட்கள் மட்டும் 00000 முதல் 11111 வரை மாறுகின்றன. பொதுவான இடங்களில் 1, மாறும் இடங்களில் 0 போட்டால் 11100000. அதன் மதிப்பு 128 + 64 + 32 = 224. அதுவேதான் மாஸ்க்! முதல் மூன்று பகுதிகளின் 24 பிட்களோடு இந்த 3 பிட்கள் சேர்ந்து 27.

நான் முதலில் கொடுத்த 225ஐப் பைனரியில் எழுதினால் 11100001. நடுவில் பூஜ்யம் வந்த பிறகு மறுபடி 1 வருகிறது. விண்டோஸ் தொடர்ச்சி இல்லை என்று சொன்னது இதைத்தான்.

மெஷின் எண்ணான 130 பைனரியில் 10000010. முதல் மூன்று பிட்கள் 100. நம்முடையது 010. இரண்டும் வேறு, ஆகவே வெளியூர், கேட்வேயிடம் கொடு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் செய்யும் கணக்கு இவ்வளவுதான்.

ஏமாற்றும் வரிசைகள்

எல்லா வரிசைகளும் இவ்வளவு ஒழுங்காக வராது. மூன்று உதாரணங்கள் பார்க்கலாம்.

முதலாவது, 10.0.0.48 முதல் 10.0.0.79 வரை. எண்ணிக்கை 32தான். ஆனால் 48ஐ 32ஆல் வகுத்தால் மீதி 16. மூன்றாம் படியில் தோற்றுவிட்டது. இதற்கு 224 போடக் கூடாது. போட்டால் 48 முதல் 63 வரை ஒரு தெருவிலும், 64 முதல் 79 வரை இன்னொரு தெருவிலும் விழும். இதை 16, 16ஆக இரண்டு நெட்வொர்க்குகளாகப் பிரித்து இரண்டுக்கும் 255.255.255.240 கொடுக்கலாம். ஒரே நெட்வொர்க்காகத்தான் வேண்டும் என்றால் 48 = 00110000, 79 = 01001111. பொதுவானது முதல் பிட் மட்டும். மாஸ்க் 255.255.255.128, வரிசை 0 முதல் 127 வரை விரிந்துவிடும்.

இரண்டாவது, 192.168.1.100 முதல் 192.168.1.150 வரை. எண்ணிக்கை 51, பட்டியலில் இல்லாத எண். 100 = 01100100, 150 = 10010110. முதல் பிட்டே வேறுபடுகிறது. எனவே இரண்டையும் சேர்த்து அடக்க 256 முகவரிகளும் வேண்டும். மாஸ்க் 255.255.255.0. இருப்பது 51 முகவரிதானே, 64க்கான மாஸ்க் போதும் என்று நினைத்தால் தவறு.

மூன்றாவது, 192.168.4.0 முதல் 192.168.7.255 வரை. இங்கே மாறுவது மூன்றாவது பகுதி. கணக்கை அங்கே செய்யுங்கள். 7 - 4 + 1 = 4. 4ஐ 4ஆல் வகுத்தால் மீதி இல்லை. 256 - 4 = 252. மாஸ்க் 255.255.252.0, அதாவது /22. மொத்தம் 1024 முகவரிகள்.

தானாக வரும் மாஸ்க்கை நம்பலாமா?

விண்டோஸ் தானாக நிரப்பும் மாஸ்க் எங்கிருந்து வருகிறது? ஆரம்பத்தில் முகவரிகளை ஏ, பி, சி என்று வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் எண்ணைப் பார்த்தாலே நெட்வொர்க் எவ்வளவு பெரியது என்று தெரிந்துவிடும். 1985இல் ஒரு நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் முறை வரையறுக்கப்பட்டது. முகவரிகள் வீணாவதைக் குறைக்க 1993இல் வகுப்பு முறையையே விட்டுவிட்டு, சாய்கோட்டு எண் முறைக்கு வந்தார்கள். ஆனால் விண்டோஸின் அந்தக் கட்டம் இன்னும் பழைய வகுப்பை வைத்துத்தான் ஊகிக்கிறது. 10 என்று தொடங்கினால் 255.0.0.0, 172.16 என்றால் 255.255.0.0, 192.168 என்றால் 255.255.255.0. அது வெறும் ஊகம்தான்.

வீட்டில் இது எதற்கு?

வீட்டில் ஒரே ஒரு ரவுட்டர் இருந்து, எல்லா எண்களையும் அதுவே கொடுத்தால் மாஸ்க்கையும் அதுவே கொடுத்துவிடும். நீங்கள் எதையும் தொட வேண்டாம். பிரின்டருக்கோ சிசிடிவி ரெக்கார்டருக்கோ நிலையான எண் கொடுக்கும்போதுதான் கவனம் தேவை. ஏற்கெனவே ஒழுங்காக இயங்கும் ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். அதில் வரும் மாஸ்க்கையும் கேட்வேயையும் அப்படியே புதிய கருவிக்கும் கொடுங்கள்.

ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் 100 முதல் 199 வரை என்பது போல ஒரு வரிசை இருக்கும். அதை வைத்து மாஸ்க் கணக்கிடாதீர்கள். அது ரவுட்டர் தானாக எடுத்துக் கொடுக்கும் எண்களின் வரிசை மட்டுமே. நெட்வொர்க்கின் எல்லை அல்ல. நிலையான எண் கொடுக்கும்போது அந்த வரிசைக்கு வெளியே, நெட்வொர்க்குக்கு உள்ளே, வேறு யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணாகப் பார்த்துக் கொடுங்கள்.

யாராவது உங்களுக்கு ஐபி வரிசை எழுதிக் கொடுத்தால் மாஸ்க்கையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் மேலே சொன்ன நான்கு படிகள் இருக்கின்றன. அத்தான் கடைச் சுவரில் அந்தத் துண்டுச் சீட்டு இப்போதும் ஒட்டியிருக்கிறது. மூன்று வரிகளுக்குக் கீழே நான்காவதாக மாஸ்க்கை எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் (+1).

இப்போதே ஒரு தாளை எடுத்து 192.168.20.160 முதல் 192.168.20.175 வரைக்கு மாஸ்க் என்ன என்று போட்டுப் பாருங்கள். 255.255.255.240 என்று வந்தால் இனி நீங்கள் யாருக்கும் போன் செய்து காத்திருக்க வேண்டியதில்லை.